கொழும்புக் காற்றும் என் மகனின் மூச்சும்

கடந்த டிசம்பரில் ஒரு வியாழக்கிழமை இரவு. இஷாத் தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்தபோது எனது இளைய மகன் கட்டிலில் முன்பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அவனால் படுக்க முடியவில்லை. ஏழு வயதுதான். நெஞ்சுக்குள்ளிருந்து விசில் ஊதுவது போல ஒரு சத்தம். ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக் குழி உள்ளே போய் வந்தது. வீட்டிலிருந்த பம்பை அடித்தும் சரிவரவில்லை. ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். நெபுலைஸ் செய்து, விடிய விடிய வைத்திருந்து, சுபஹுக்குப் பிறகுதான் அனுப்பினார்கள். அந்த இரண்டு மாதத்துக்குள் அது மூன்றாவது தடவை.

அன்று காலையில் பார்த்த பெண் வைத்தியர் மருந்துத் துண்டை எழுதுவதற்கு முன் சில கேள்விகள் கேட்டார். வீடு பெரிய வீதிக்குப் பக்கமா? பிள்ளையின் கட்டில் எந்த ஜன்னலுக்குக் கீழே இருக்கிறது? இரவில் நுளம்புத் திரி கொளுத்துவீர்களா? சாம்பிராணி போடுவீர்களா? பாடசாலைக்கு எதில் போகிறான்? யாராவது புகைக்கிறார்களா?

கடைசிக் கேள்விக்கு மட்டும்தான் என்னால் நிமிர்ந்து பதில் சொல்ல முடிந்தது. எங்கள் வீடு தெமட்டகொடையில், பேஸ்லைன் வீதியைப் பார்த்த மேல்மாடி. கட்டில் அந்த வீதிப் பக்க ஜன்னலுக்குக் கீழேதான். நுளம்புத் திரி தினமும் எரிகிறது. வியாழன் மஃரிபுக்குப் பின் உம்மா வீடு முழுக்கச் சாம்பிராணிப் புகை காட்டுவார். பாடசாலைக்குப் போவது பழைய டீசல் வேன் ஒன்றில். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னது இவ்வளவுதான்: "மருந்தை நான் தருகிறேன். மற்றது உங்களுடைய வேலை."

நான் வைத்தியரல்ல. புறக்கோட்டையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் கணக்கு எழுதுபவன். அந்த "மற்றது" என்ன என்பதைத் தேடி வாசித்ததையும், வீட்டில் செய்து பார்த்ததையும்தான் இங்கே எழுதுகிறேன். கொழும்பில் எங்களைப் போல வீதியோரத்திலும் மாடி வீடுகளிலும் நெருக்கமாக வாழ்பவர்கள் பலர். பம்பும் கையுமாக இருக்கும் பிள்ளைகள் நம் வீடுகளில் எத்தனை என்று எந்தக் குர்ஆன் மத்ரஸாவில் கேட்டாலும் தெரியும்.

முதலில் இந்தப் புகை என்ன செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். கண்ணுக்குத் தெரியும் தூசை மூக்கும் தொண்டையும் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். பிரச்சினை பீ.எம். 2.5 என்று சொல்லப்படும் நுண்துகள்களில்தான் இருக்கிறது. விட்டத்தில் 2.5 மைக்ரோனுக்கும் சிறியவை. நம் தலைமுடியின் தடிப்பில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. இவை நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போகின்றன. மிகச் சிறியவை அங்கிருந்து இரத்தத்திலும் கலக்கின்றன. அதனால்தான் காற்று மாசடைதலைப் பற்றிப் பேசும்போது வைத்தியர்கள் ஆஸ்துமாவோடு நிறுத்துவதில்லை. மாரடைப்பு, பாரிசவாதம் என்று தொடர்கிறார்கள். டீசல் புகையைப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012இலேயே வகைப்படுத்திவிட்டது.

உலக சுகாதார ஸ்தாபனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, ஒரு நாளின் சராசரி, கன மீற்றருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது. ஆண்டுச் சராசரி 5. நமது நாட்டில் 2008இல் வர்த்தமானியில் வந்த தர அளவு ஒரு நாளைக்கு 50, ஆண்டுக்கு 25. கையடக்கத் தொலைபேசியில் காற்றின் தரத்தைப் பார்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பல செயலிகள் காட்டுவது அமெரிக்கச் சுட்டெண். அதில் 100 என்று வந்தால் காற்றில் சுமார் 35 மைக்ரோகிராம் இருக்கிறது. 150 என்றால் சுமார் 55. அப்படியானால் செயலி 130 என்று காட்டி, நோயாளிகளுக்கும் பிள்ளைகளுக்கும் நல்லதல்ல என்று எச்சரிக்கும் ஒரு நாள்கூட நமது சட்டப்படி "வரம்புக்குள்" இருக்கும் நாள்தான். சட்டத்தை நம்பிக்கொண்டு ஆஸ்துமாப் பிள்ளையை வெளியே விளையாட விடமுடியாது என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது.

டிசம்பரில் ஏன் மூன்று தடவை? மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக் காற்று கடலிலிருந்து வருகிறது. கொழும்பின் புகையை அது தள்ளிக்கொண்டு போய்விடும், மழையும் கழுவிவிடும். நவம்பருக்குப் பின் காற்று வடகிழக்குப் பக்கம் மாறுகிறது. அப்போது இந்தியத் துணைக்கண்டத்தின் புகையும் சேர்ந்து வரும். நமது வாகனப் புகையும் கலையாமல் தங்கிவிடும். 2022 டிசம்பர் 9ஆம் திகதி காற்றின் தரம் மோசமானதால் நாடு முழுவதும் அரச பாடசாலைகளை மூடினார்களே, அது இந்தக் காலத்தில்தான். மார்ச் வரை இந்த ஆபத்து இருந்துகொண்டே இருக்கும். ஆஸ்துமாப் பிள்ளை உள்ள வீடுகளில், அன்றாடம் எடுக்கும் தடுப்புப் பம்பை "இப்போது சுகம்தானே" என்று இந்த மாதங்களில் நிறுத்திவிடுவது பெரிய பிழை. நாங்களும் அந்தப் பிழையைச் செய்தவர்கள்தான்.

இந்தியாவிலிருந்து வரும் புகையை நான் நிறுத்த முடியாது. பேஸ்லைன் வீதியில் துறைமுகத்துக்குப் போகும் கொள்கலன் லொறிகளையும் நிறுத்த முடியாது. ஆனால் வாசிக்க வாசிக்க எனக்கு ஆறுதல் தந்த ஒரு விடயம் இருந்தது. ஒரு மனிதன் சுவாசிக்கும் புகையின் அளவை நகரத்தின் சராசரி மட்டும் தீர்மானிப்பதில்லை. அவன் நிற்கும் இடத்துக்கும் நேரத்துக்கும் அதில் பெரிய பங்கு இருக்கிறது. டீசல் கரித்துகளும் நைட்ரஜன் டைஒக்சைட்டும் வீதியின் ஓரத்தில்தான் உச்சத்தில் இருக்கும். அங்கிருந்து நூறு, நூற்றைம்பது மீற்றர் தள்ளிப் போனால் வேகமாகக் குறையும். பீ.எம். 2.5இன் மொத்த அளவு அவ்வளவு வேகமாகக் குறையாதுதான். ஆனாலும் ஒரு ஒழுங்கை தள்ளி நடப்பது வீண் வேலையல்ல.

அதனால் முதலில் மாற்றியது பாடசாலைப் பயணத்தை. வீட்டிலிருந்து பாடசாலை நடக்கக்கூடிய தூரம்தான். ஆனால் வேன் மற்றப் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு சுற்றிவர முக்கால் மணித்தியாலம் எடுக்கும். பின் கதவு சரியாக மூடாத வேன். புகைக் குழாய் அதற்குக் கீழேதான். மகன் வழக்கமாக உட்காருவது கடைசி ஆசனத்தில். இப்போது காலையில் நான் கூட்டிக்கொண்டு நடக்கிறேன். பெரிய வீதியை விட்டு உள் ஒழுங்கைகளால் போகிறோம். ஐந்து நிமிடம் கூட எடுக்கும், அவ்வளவுதான். பின்னேரம் எனக்கு வேலை என்பதால் வேன்தான். ஆனால் ஆசனத்தை முன்னுக்கு மாற்றச் சொல்லிவிட்டேன்.

பிள்ளைகளை நாம் நமது உயரத்திலிருந்தே பார்க்கிறோம். ஏழு வயதுப் பிள்ளையின் மூக்கு இருப்பது நமது இடுப்பளவில். பஸ்ஸின் புகைக் குழாய்க்கு நம்மைவிட அது கிட்ட. நம்மைவிட வேகமாகவும் மூச்சு விடுகிறார்கள். பஸ் தரிப்பிடத்தில் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வீதி விளிம்பில் நிற்பதைவிட, நாலு அடி பின்னால், பஸ் புறப்படும்போது புகை அடிக்காத பக்கமாக நிற்பது நல்லது. மோட்டார் சைக்கிளில் பிள்ளையை முன்னால் வைத்துக்கொண்டு, சிக்னலில் லொறியின் வாலுக்குக் கீழே போய் நிற்கும் பழக்கத்தை நம் சகோதரர்கள் விடவேண்டும். இரண்டு வாகனம் பின்னால் நின்றால் பச்சை விளக்கு ஒன்றும் ஓடிப்போகாது.

கார் வைத்திருப்பவர்கள் கண்ணாடியை மூடிவிட்டால் தப்பிவிட்டோம் என்று நினைக்கிறார்கள். ஏசி வெளிக் காற்றை இழுத்துக்கொண்டிருந்தால் முன்னால் போகும் வாகனத்தின் புகை நேராக உள்ளேதான் வரும். நெரிசலில் உள்காற்றையே சுற்றவிடும் பொத்தானை அழுத்த வேண்டும். அதையும் நீண்ட நேரம் வைத்திருந்தால் காற்று அடைத்துத் தூக்கம் வரும். நெரிசல் விட்டதும் திறந்துவிட வேண்டும்.

சுபஹுக்குப் பின் நடக்கப் போகும் பெரியவர்களுக்கும் ஒரு சொல். நடை நல்லதுதான், விடவேண்டாம். ஆனால் வேகமாக நடக்கும்போது சாதாரணமாக இழுப்பதைவிடப் பல மடங்கு காற்றை உள்ளே இழுக்கிறோம். அதை ஏழரை மணிக்குப் பெரிய வீதியோரமாகச் செய்யாமல், வாகனங்கள் கூடுவதற்கு முன்னால் காலி முகத்திடலிலோ, விகாரமகாதேவிப் பூங்காவிலோ, குறைந்தது ஒரு உள் ஒழுங்கையிலோ செய்யலாம்.

முகக்கவசம் பற்றிப் பலர் கேட்பார்கள். கொவிட் காலத்தில் மிஞ்சிய நீல நிற முகக்கவசம் இதற்குப் பெரிதாக உதவாது. ஓரங்களால் காற்று போய்வரும். கைக்குட்டை, சால்வை, எந்தத் துணியாக இருந்தாலும் இந்த நுண்துகள்களுக்கு அது வாசலில்லாத வீடு மாதிரி. என் 95, கேஎன் 95 வகைகள்தான் வேலை செய்யும், அதுவும் முகத்தோடு ஒட்டியிருந்தால் மட்டும். தாடி வைத்திருக்கும் நமக்கு இங்கே ஒரு சங்கடம் இருக்கிறது. தாடிக்கு மேல் போட்டால் அது முகத்தில் சரியாகப் படியாது, சொல்லப்படும் பலனில் ஒரு பகுதிதான் கிடைக்கும். அதற்காகத் தாடியை எடுக்கச் சொல்ல நான் வரவில்லை. முகக்கவசத்தை நம்பிப் புகைக்குள் நிற்பதைவிட, புகையை விட்டு விலகி நிற்பதையே நம்பச் சொல்கிறேன்.

இவ்வளவும் வெளியே. கடினமான பகுதி வீட்டுக்குள்தான் இருந்தது.

பிள்ளை தூங்குவது ஒன்பது, பத்து மணித்தியாலம். அந்த அறைக் காற்றுத்தான் அவனுடைய நாளின் பெரும் பகுதி. அந்த அறையில் நாங்கள் ஜன்னலைச் சாத்திவிட்டு நுளம்புத் திரியைக் கொளுத்திக்கொண்டிருந்தோம். சீனாவிலும் மலேசியாவிலும் விற்கப்படும் திரிகளை எரித்துப் பார்த்து 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஒரு திரி முழுதாக எரியும்போது வெளியாகும் நுண்துகள் 75 முதல் 137 சிகரட்டுகளுக்குச் சமம் என்று சொன்னது. வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். வீட்டில் யாரும் புகைப்பதில்லை என்று அந்த வைத்தியரிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னவன் நான்.

டெங்குப் பயத்தில்தான் கொளுத்துகிறோம் என்பார்கள். டெங்கு நுளம்பு பெரும்பாலும் பகலில் கடிப்பது, குறிப்பாகக் காலையிலும் பொழுது சாயும் நேரத்திலும். இரவில் காதுக்குள் பாடுவது அநேகமாக வேறு சாதி. மலேரியா அற்ற நாடு என்று 2016இல் உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கைக்குச் சான்றிதழ் தந்துவிட்டது. அதனால் இரவு முழுக்கத் திரி எரிப்பதில் டெங்குவுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு நாம் நினைப்பதைவிடக் குறைவு. நுளம்பு வலை கட்டினோம். ஜன்னலுக்குக் கம்பி வலை அடித்தோம். மின்விசிறியைக் கட்டில் பக்கம் திருப்பினோம். நுளம்பு வலுவான காற்றில் பறக்கக்கூடியதல்ல. பூச்சாடித் தட்டிலும் மாடித் தண்ணீர்த் தாங்கியைச் சுற்றியும் தேங்கும் தண்ணீரைக் கிழமைக்கு ஒருமுறை கொட்டுவது எந்தத் திரியையும்விட டெங்குவுக்கு நல்லது.

கட்டிலையும் பின் அறைக்கு மாற்றினோம். வீதிப் பக்க ஜன்னல் காலையில் ஒன்பது வரைக்கும், பின்னேரம் ஐந்து முதல் எட்டு வரைக்கும் பூட்டு. மழை பெய்து ஓய்ந்த பிறகும், கடற்காற்று வீசும் மதிய வேளையிலும் திறந்துவிடுவோம். எப்போதும் பூட்டியே வைப்பதும் தவறு. உள்ளே உண்டாகும் புகைக்கும் ஈரத்துக்கும் வெளியே போக வழி வேண்டும்.

சாம்பிராணி விடயத்தில்தான் எனக்கு வாய் வரவில்லை. பித்தளைத் தூபக்கால், வாப்பா மருதானையில் வாங்கிக் கொடுத்தது. வாப்பா மௌத்தாகிப் பதினொரு வருடம். வியாழன் மஃரிபுக்குப் பிறகு சிரட்டைக் கரியில் சாம்பிராணியைத் தூவி, ஒவ்வொரு அறையாக, வாப்பா படுத்திருந்த அறையைக் கடைசியாக, உம்மா காட்டிக்கொண்டு போவார். சாம்பிராணியோ, ஊதுபத்தியோ, அரபு நாட்டிலிருந்து வரும் பகூரோ, எதுவானாலும் எரிந்தால் நுண்துகளும் காபன் மொனொக்சைட்டும் வரத்தான் செய்யும். மணமான புகை என்று நுரையீரலுக்குத் தெரியாது. நான் மெதுவாகச் சொன்னேன். உம்மாவுக்குக் கோபம் வந்தது. "சாம்பிராணி போட்டுத்தானே உங்க நாலு பேரையும் வளத்தன். ஒங்களுக்கெல்லாம் என்ன நடந்த?" என்றார். பதில் இருந்தது. அந்தக் காலத்து வீடு ஓட்டுக் கூரை, முற்றம், நாலு பக்கமும் காற்று. இது எண்ணூறு சதுர அடி, இரண்டு ஜன்னல். ஆனால் அதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

இரண்டு வியாழன் ஒன்றும் பேசாமல் போனது. மூன்றாவது வியாழன், லுஹருக்குப் பிறகு நான் வீட்டில் இருந்த ஒரு நாள், உம்மாவே தூபக்காலை எடுத்தார். பிள்ளைகள் பாடசாலையில். எல்லா ஜன்னல்களையும் திறக்கச் சொன்னார். அறை அறையாகக் காட்டிவிட்டு, கரியைப் பால்கனியில் கொட்டித் தண்ணீர் ஊற்றினார். மஃரிபுக்குப் பிள்ளைகள் வந்தபோது புகை போயிருந்தது. திரைச்சீலையில் மணம் மட்டும் இருந்தது. இப்போது அதுதான் வழக்கம். என் மனைவிதான் அவரிடம் பேசியிருக்கிறாள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். என்ன பேசினாள் என்று இதுவரை இருவரும் எனக்குச் சொல்லவில்லை.

சமையலறையைப் பற்றிச் சுருக்கமாக. 2022இல் கேஸ் இல்லாமல் மாடி வீட்டுக்குள்ளேயே விறகு மூட்டியவர்கள் நாம், அந்தப் புகை ஞாபகம் இருக்கும். கேஸ் வந்துவிட்டது என்று நிம்மதியாகிவிட முடியாது. கொதிக்கும் எண்ணெயும் நுண்துகளைக் கிளப்பும். நோன்பு காலத்தில் அஸர் முதல் மஃரிப் வரை சமோசா, ரோல்ஸ், கட்லட் என்று பொரியும்போது பிள்ளைகள் எல்லாரும் நிற்பது அடுப்படியில்தான். புகை உறிஞ்சும் விசிறி இருந்தால் அடுப்பை மூட்டுமுன் போட்டு, சமைத்து முடிந்தும் கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள். இல்லாவிட்டால் ஜன்னலைத் திறந்து, சமையலறைக் கதவைச் சாத்தி, பிள்ளைகளைக் கூடத்துக்கு அனுப்புங்கள்.

காற்றைச் சுத்திகரிக்கும் இயந்திரம் வாங்கலாமா? ஹெபா வடிகட்டி உள்ளதாக, அறையின் அளவுக்குப் பொருந்தியதாக இருந்தால் உண்மையில் வேலை செய்யும். ஓசோன் வெளியிடுவதைத் தொடவே வேண்டாம், அது நுரையீரலை இன்னும் எரிச்சலாக்கும். வசதி இருந்தால் பிள்ளை தூங்கும் அறைக்கு மட்டும் ஒன்று போதும். ஆனால் அறைக்குள் திரியை எரித்துக்கொண்டு இயந்திரத்தை ஓட்டுவது, ஓட்டைப் படகில் தண்ணீர் இறைப்பதுதான். சாதாரண ஏசி நுண்துகளை வடிகட்டாது, குளிராக்குவது மட்டும்தான் அதன் வேலை. பூச்சாடிகள் காற்றைச் சுத்தமாக்கும் என்று வட்ஸ்அப்பில் வருவதையும் நம்பிச் செலவு செய்யவேண்டாம். அழகுக்கு வைக்கலாம்.

இதையெல்லாம் எழுதும்போது எனக்கு உறுத்துவது ஒன்று உண்டு. எங்கள் கடை வாசலில் மூட்டை இறக்கும் நாட்டாமைகள் எந்த உள் ஒழுங்கையால் நடப்பார்கள்? லொறியின் பின்பக்கம்தான் அவர்களுடைய வேலைத்தளம். ஓட்டோ ஓட்டும் சகோதரருக்கு நாள் முழுக்க வீதியின் நடுதான். இவர்களுக்குப் புத்திமதி சொல்வது அநியாயம். வீதிப் புகை குறைய வேண்டும், அதை அரசாங்கம்தான் செய்யவேண்டும். செய்யவும் முடியும். ஈயம் கலந்த பெற்றோல் இந்த நாட்டில் 2002இல் நிறுத்தப்பட்டது, யாரும் வீட்டுக்கு வீடு ஏதும் செய்யவில்லை, எல்லாப் பிள்ளைகளுக்கும் பயன் கிடைத்தது. 2008இல் வாகனப் புகைப் பரிசோதனையும் வந்தது. ஆனால் சான்றிதழ் கையில் இருக்க, கறுப்பாகக் கக்கிக்கொண்டு போகும் பஸ்ஸை நாம் தினமும் காண்கிறோம்.

நமது கையில் இருக்கும் சிலவற்றை நாமும் செய்வதில்லை. ஜும்ஆ முடியும்வரை பள்ளிவாசல் வாசலில் சாரதிகள் ஏசிக்காக என்ஜினை ஓடவிட்டுக்கொண்டு இருக்கிறார்கள். சில பள்ளிவாசல்களில் ஜெனரேட்டரின் புகைக் குழாய் பெண்கள் தொழும் பகுதி ஜன்னலுக்குக் கீழே. நிர்வாக சபை ஒரு குழாயை நீட்டிக் கூரைக்கு மேலே விடுவதற்கு எந்த அமைச்சின் அனுமதியும் தேவையில்லை.

மகன் இப்போதும் பம்ப் எடுக்கிறான். ஆனால் ஜனவரியிலும் பெப்ரவரியிலும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டி வரவில்லை, அல்ஹம்துலில்லாஹ். மருந்தா, வலையா, கட்டில் மாற்றியதா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் செய்தோம். வேன்கார நானாவிடமும் பேசினேன், பாடசாலை வாசலில் பிள்ளைகள் ஏறும்வரை என்ஜினை நிறுத்தச் சொல்லி. பழைய வண்டி, நிறுத்தினால் திரும்ப ஸ்டார்ட் ஆகாது என்றார். இரண்டு நாள் அரைநாள் லீவு போட்டுவிட்டு வாசலில் போய் நின்றேன். நான் நிற்பதைக் கண்டால் இப்போது நிறுத்துகிறார். இதுவரை ஒரு நாளும் ஸ்டார்ட் ஆகாமல் போகவில்லை.